உம்மும்மாவின் மூன்று தலையணைகள்

போன வருடம் என் உம்மும்மா மூன்று தலையணை வைத்துத்தான் நித்திரை கொண்டார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. நடுச்சாமத்தில் எழும்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். வீங்கிய பாதத்தை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. "வயசுதானே, சளியும் கொஞ்சம்" என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கலேவெலயிலிருந்து மாத்தளைக்குக் கொண்டுபோனபோது டொக்டர் சொன்ன பெயர் இதயச் செயலிழப்பு. வாப்பாவுக்கு முகமே வெளிறிவிட்டது. அந்தப் பெயரே பிழை என்பது என் எண்ணம். இதயம் நின்றுவிட்டதுபோல் கேட்கிறது. உண்மையில் அது நிற்கவில்லை. உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள முடியாமல் சோர்ந்துபோகிறது. முன்னே போகாத இரத்தம் பின்னே தேங்கும். நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறல், உடம்பில் தேங்கினால் கால் வீக்கம். படுக்கும்போது காலில் இருந்த நீர் மேலேறி நுரையீரலுக்கு வருவதால்தான் தலையணைகள் கூடிக்கொண்டே போயின.

மாரடைப்பில் செத்துப்போன தசை, சீனி வருத்தம், கவனிக்காமல் விட்ட பிரஷர் ஆகியவை முக்கிய காரணங்கள். உம்மும்மாவுக்குப் பிரஷர். பிள்ளைப் பருவத்தில் தொண்டை நோவைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலும் இதய வால்வுகளைக் கெடுத்து, பல வருடம் கழித்து இதே இடத்தில் கொண்டுவந்து விடலாம். ஆகவே இது கிழவிகளின் நோய் மட்டுமல்ல.

ஈ.சீ.ஜீ., நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தபின் எக்கோ செய்தார்கள். ஒலி அலைகளால் இதயத்தைப் படமாகக் காட்டும் சோதனை அது, வலியில்லை. ஒரு துடிப்பில் இடது கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பார்கள். நல்ல இதயத்தில் அது சுமார் 55க்கு மேல். உம்மும்மாவுக்கு 35. சிலருக்கு இந்த எண் சரியாக இருந்தும், தசை விறைத்து நோய் வருவதுண்டாம்.

ஃபுரோசமைட் என்னும் நீர்க் குளிசை தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும்; சுகம் உடனே தெரியும். எனாலாபிரில், பிசோப்ரொலோல், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றின் பலன் மெதுவாகத்தான் தெரியும். ஆனால் ஆயுளைக் கூட்டுபவை அவைதான்.

நோன்பு நெருங்கியதும் டொக்டர், இந்த வருடம் நோன்பு வேண்டாம் என்றார். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை என்று வாப்பா சொல்லியும் உம்மும்மா அழுதார். தராவீஹையாவது விடக்கூடாது, நீர்க் குளிசை போட்டால் வுழூ முறிந்துகொண்டே இருக்கும் என்று நான்கு நாள் அதை ஒளித்துவைத்திருக்கிறார். ஐந்தாம் இரவு 1990க்கு அடித்து சுவசெரிய அம்பியூலன்ஸை அழைத்தோம். பிறகு கிளினிக்கில் விஷயத்தைச் சொன்னதும், குளிசையைக் காலையிலேயே போடும்படி நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். முதலிலேயே கேட்டிருக்கலாம்.

இப்போது தினமும் காலையில் உம்மும்மாவை நிறுத்து, எடையைக் கலண்டரில் எழுதுவது என் வேலை. மூன்று நாளில் 2 கிலோ கூடினால் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். உடனே டொக்டரிடம் போக வேண்டும். கால் நோவுக்கு டைக்ளோஃபெனக் போன்ற குளிசைகளைப் பார்மசியில் கேட்டு வாங்குவதையும் நிறுத்திவிட்டோம். அவை உடம்பில் நீரைத் தேக்கும். தலையணை ஒன்றாகிவிட்டது. கருவாடு விஷயத்தில்தான் வீட்டில் இன்னும் தகராறு.