வண்டி ஏன் திக்குகிறது?

கார் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். மேடு வருகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறோம். வண்டி பாய வேண்டும். பாயவில்லை. ஒரு குத்து, ஒரு இழுப்பு, மறுபடியும் ஒரு குத்து. லாரியை முந்தும் நேரத்தில் இப்படி ஆனால் என்ன ஆகும்? எதிரே பஸ் வந்துவிடும். ஆகவே இதைச் சின்னக் கோளாறு என்று தள்ளிப் போடக் கூடாது.

பட்டறைக்குப் போனால் ஒருவர் "பம்பு போச்சு" என்பார். இன்னொருவர் "இன்ஜெக்டர் போச்சு" என்பார். இரண்டும் விலை அதிகம். மாற்றிய பிறகும் சில வண்டிகள் திக்கும். விலை குறைந்த சாமான்களை முதலில் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுப்பு எரிய விறகு, காற்று, நெருப்பு மூன்றும் வேண்டும். எஞ்சினும் அப்படித்தான். பெட்ரோல், காற்று, தீப்பொறி. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று தேவை. இவ்வளவா என்று தோன்றும். ஆம், இவ்வளவு!

மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். இது 1983-இல் வந்தது. 2014-இல் உற்பத்தி நின்றது. இன்றும் சில ஊர்களில் ஓடுகிறது. இதன் எஞ்சினில் 3 சிலிண்டர்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை பெட்ரோல் எரியும். ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் விட்டால்? ஏரில் பூட்டிய மாடு நடுவில் படுத்துக்கொண்ட மாதிரிதான். மற்ற இரண்டும் இழுக்கும். வண்டி குலுங்கும். மெக்கானிக்குகள் இதை "மிஸ்ஸிங்" என்பார்கள்.

நிற்கும்போது ஒழுங்காக ஓடும் எஞ்சின், மிதித்தால் மட்டும் ஏன் திக்குகிறது? மிதிக்கும்போது சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் அதிகமாகப் போகின்றன. உள்ளே அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் தீப்பொறி தாண்டுவது கடினம். தேய்ந்துபோன பிளக் அங்கேதான் தோற்கிறது.

வண்டி எப்போது திக்குகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். மழைக்குப் பிறகா? பெட்ரோல் போட்ட பிறகா? மேட்டில் மட்டுமா? பாதி விடை இதிலேயே கிடைக்கும்.

எஞ்சின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று போதவில்லை. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவாக வரலாம். எண்ணெய் ஈரம் இருந்தால் எஞ்சினுக்குள் தேய்மானம். அது பெரிய வேலை. தேய்ந்த பிளக்குகளை ஒன்றாகவே மாற்றிவிடுங்கள். பிறகு ஏர் பில்டரைப் பாருங்கள். காகித பில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் புதிது போடுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் திக்கினால் பிளக் ஒயரில் சந்தேகம். பழைய கார்களில் ஒயர் வெடித்திருந்தால் மின்சாரம் வழியிலேயே கசியும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். நீலப் பொறி தெரியும். ஓடும் எஞ்சினில் ஒயரைக் கையால் பிடுங்கவே கூடாது. பலமான ஷாக் அடிக்கும்.

பெட்ரோல் போட்ட பிறகு திக்கினால் பெட்ரோலைச் சந்தேகியுங்கள். இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்! பெட்ரோல் பங்கில் பில்டர் காகிதம் கேட்டுச் சோதித்துப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெட்ரோல் கறை இல்லாமல் ஆவியாகிவிடும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். காசு நம்முடையது.

மேட்டிலும் வேகத்திலும் மட்டும் திக்கினால் பெட்ரோல் பில்டர் அடைத்திருக்கலாம். இதை நீங்களே கழற்ற வேண்டாம். குழாயில் அழுத்தம் இருக்கும். பெட்ரோல் பீச்சி அடிக்கும். தெரிந்தவர் செய்யட்டும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம்.

புதிய கார்களில் கம்ப்யூட்டர் உண்டு. கோளாறு வந்தால் முன்பலகையில் எஞ்சின் படம் போட்ட விளக்கு எரியும். விளக்கு விட்டு விட்டு மின்னினால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். அங்குள்ள புகை சுத்தம் செய்யும் சாமான் விலை மிக அதிகம்.

மெக்கானிக் ஒரு கருவியை மாட்டி எண் பார்ப்பார். அந்த எண்ணைக் கேட்டு நீங்களே நோட்டில் எழுதுங்கள். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். பி 0302 என்றால் இரண்டாவது. கடைசி எண்தான் சிலிண்டர். பி 0300 என்றால் ஒரே சிலிண்டரில் இல்லை, மாறி மாறி வருகிறது.

இதில் ஒரு நல்ல உபாயம் உண்டு. பல புதிய கார்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருக்கும். பி 0301 வந்தால், முதல் காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பழைய எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது 0302 வந்தால் காயில்தான் கெட்டது. எண் மாறவில்லை என்றால் காயில் நல்லது. பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்குப் புதுச் சாமான் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் வண்டி உதறினால் இவை எதுவும் காரணம் இல்லாமல் இருக்கலாம். கிளட்ச் தேய்ந்திருக்கும். அல்லது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கும். ரப்பரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்சைப் பார்க்க கியர் பெட்டியையே இறக்க வேண்டும், கூலி கூடும். எதை மாற்றினாலும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி, பில்லோடு ஒத்துப் பாருங்கள்.