உங்கள் எடையைச் சுமப்பது யார்?

தில்லியின் ஜனக்புரி மேற்கு மெட்ரோ நிலையத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு அந்த நீண்ட எஸ்கலேட்டரைத் தெரிந்திருக்கும். மண்ணுக்கடியில் ஓடும் மெஜந்தா தடத்திலிருந்து உயரத்தில் ஓடும் நீலத் தடத்தை நோக்கி ஏற்றிவிடுவது அது. 2018 மே மாதம் மெஜந்தா தடம் ஜனக்புரிவரை வந்தபோது, சுமார் 15.6 மீட்டர் உயரம் ஏறும் இதுதான் நாட்டிலேயே உயரமான எஸ்கலேட்டர் என்று மெட்ரோ நிர்வாகம் பெருமையாகச் சொன்னது. கிட்டத்தட்ட ஐந்து மாடி உயரம்.

அதே உயரத்தை நாமே படியேறிக் கடந்தால் எவ்வளவு சக்தி செலவாகும்? கணக்கு சுலபம்தான். 60 கிலோ எடையை 15.6 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 9,200 ஜூல் வேண்டும். அதாவது 2.2 கலோரி (கலோரி என்று நாம் சாதாரணமாகச் சொல்வது கிலோகலோரியைத்தான்). ஆனால் தசைகள் எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பமாகப் போய்விடும், அதனால்தான் வியர்க்கிறது. ஆகவே உடம்புக்கு ஆகும் மொத்தச் செலவு 10 கலோரியை ஒட்டி வரும். மார்க்கெட்டில் விற்கும் பெரிய சமோசா ஒன்றை 250 கலோரி என்று வைத்துக்கொண்டால், அதற்கு 25 முறை ஏற வேண்டும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஜிம்முக்குள் போனால், அங்கே வரிசையாக நிற்கும் கார்டியோ மெஷின்களில் எது எதற்கு என்று பிரித்துப் பார்ப்பது எளிதாகிவிடும். ஒவ்வொரு மெஷினிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: என் உடம்பின் எடையை நான் சுமக்கிறேனா, நீ சுமக்கிறாயா? எவ்வளவு கலோரி செலவாகும், மூட்டுக்கு எவ்வளவு பாரம், திரையில் தெரியும் எண்ணை எந்த அளவு நம்பலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கேள்வியின் பதிலில் இருக்கிறது.

டிரெட்மில்லில் எடை முழுவதும் உங்களுடையது. சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் 60 கிலோக்காரர் நிமிடத்துக்குச் சுமார் மூன்றரை கலோரி செலவிடுகிறார். வேகத்தைத் தொடாமல் சாய்வை மட்டும் 10 சதவீதத்துக்கு ஏற்றிப் பாருங்கள், செலவு நிமிடத்துக்கு 8 கலோரியாகிவிடும். உடற்பயிற்சி அறிவியலில் வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரங்களின்படி, இது சமதளத்தில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஓடுவதற்குச் சமம். ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பி, மறுபடி முழு எடையோடு இறங்குகின்றன. நடையில் அந்த மோதல் இல்லை. மூச்சு வாங்குவது ஓட்டக்காரரைப் போல, முழங்கால் படும் பாடு நடப்பவரைப் போல. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஜிம்மில் இதைவிட நல்ல பேரம் கிடையாது என்பது என் கட்சி.

இதைக் கெடுத்துக்கொள்ள ஒரு வழி உண்டு, மாலை ஏழு மணிக்கு எந்த ஜிம்முக்குப் போனாலும் பார்க்கலாம். சாய்வை 12, 15 என்று ஏற்றிவிட்டு, முன்னாலிருக்கும் கைப்பிடியைக் கெட்டியாகப் பற்றிப் பின்னால் சாய்ந்து தொங்கிக்கொண்டே நடப்பார்கள். அப்படித் தொங்கியதும் எடையில் ஒரு பகுதி கைப்பிடிக்குப் போய்விடுகிறது. உடம்பும் பெல்ட்டுக்குச் செங்குத்தாகச் சாய்ந்துகொள்வதால் ஏற்றம் பாதி பொய்யாகிவிடுகிறது. மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது. அது வேகத்தையும் சாய்வையும் வைத்துக் கணக்குப் போட்டு 400 கலோரி என்று காட்டும். கையை விட்டுவிட்டு எந்தச் சாய்வில் நடக்க முடிகிறதோ அதுதான் உங்கள் சாய்வு. தடுமாற்றம் உள்ளவர்கள் விரல் நுனியால் தொட்டுக்கொண்டால் போதும்.

வேகத்தை விடச் சாய்வு பெரியது என்பது இதய மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. தில்லியில் முழு உடல் பரிசோதனைக்குப் போன எவருக்கும் டிஎம்டி டெஸ்ட் தெரியும். மார்பில் கம்பிகளை ஒட்டி டிரெட்மில்லில் ஏற்றிவிடுவார்கள். அதில் பரவலாகப் பின்பற்றப்படும் முறை, அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963-இல் வகுத்தது. முதல் மூன்று நிமிடம் வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், ஆனால் சாய்வு ஆரம்பத்திலேயே 10 சதவீதம். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். மூன்றாவது கட்டத்தில் 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். அதற்குள் பலர் போதும் என்று கையைக் காட்டிவிடுவார்கள். இத்தனைக்கும் யாரும் ஓடவில்லை.

சைக்கிளில் கதை தலைகீழ். எடையை சீட் வாங்கிக்கொள்கிறது. அதனால் முழங்காலுக்கு நிம்மதி, ஆனால் வேலை முழுவதும் தொடைத் தசைகளின் தலையில் விழுகிறது. இதயம் இன்னும் சும்மா இருக்கும்போதே தொடை கடுத்துப்போய், நிறைய உழைத்துவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிடும். 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் அளந்தது. எட்டு ஆண்கள், ஐந்து பெண்கள், ஆறு வகை மெஷின்கள். எல்லாரையும் ‘கொஞ்சம் கடினம்’ என்று தங்களுக்கே தோன்றும் அளவில் உழைக்கச் சொன்னார்கள். டிரெட்மில்லில் செலவான சக்தி சைக்கிளைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகமாக இருந்தது. பதின்மூன்று பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், அதுவும் இளம் வயதினர். ஆனால் பிறகு வந்த உடலியல் புரிதலோடு அது ஒத்துப்போகிறது. ஒரே சிரமத்துக்கு அதிகச் செலவு வேண்டுமென்றால் எடையை நீங்களே சுமக்க வேண்டும்.

சைக்கிளைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதனிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது: வாட் எண். ஏமாற்ற இடமில்லாத எண் அது. 100 வாட் என்று காட்டினால் பெடலில் அவ்வளவு வேலை நடக்கிறது என்று பொருள், ஆள் 50 கிலோவானாலும் 90 கிலோவானாலும். 100 வாட்டில் அரை மணி நேரம் மிதித்தால் 180 கிலோஜூல் வேலை. தசையின் திறனைக் கணக்கில் எடுத்தால், உடம்பு செலவிட்டது ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் அல்லது சற்றே கூடுதலான கலோரியாக வரும், 180 முதல் 215 வரை. மேலே சொன்ன 10 சதவீத ஏற்ற நடைக்கு இது பக்கத்தில் நிற்கிறது. ஒரு மாதம் கழித்து அதே மூச்சில் 115 வாட் வந்தால், தேறியிருக்கிறீர்கள். சீட் உயரத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். ஜிம்மில் பாதிப் பேர் முந்தைய ஆள் விட்டுப்போன உயரத்திலேயே உட்கார்ந்து, முட்டியைத் தாடைவரை தூக்கி மிதிக்கிறார்கள். பிறகு சைக்கிளால் முட்டி வலி என்பார்கள்.

கிராஸ் டிரெய்னர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அமெரிக்காவின் பிரிகார் நிறுவனம் 1995-இல் கொண்டுவந்த வடிவத்திலிருந்து பரவியது. நிற்பதால் எடை உங்களுடையதுதான், ஆனால் பாதம் பலகையை விட்டு எழும்புவதே இல்லை என்பதால் மோதல் கிடையாது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் இதைச் சொல்வது அதனால்தான். குறை என்னவென்றால், சுழலத் தொடங்கியதும் அதன் சக்கரமே காலை இழுத்துக்கொண்டு போகும். எதிர்ப்பை 2-இல் வைத்துக்கொண்டு போனில் சீரியல் பார்த்தபடி நாற்பது நிமிடம் ஓட்டுகிறவர்களுக்கு மெஷின்தான் உடற்பயிற்சி செய்கிறது. திரையிலுள்ள கலோரி எண் மிகையாக வருவதும் இதில் சகஜம். எதிர்ப்பை ஏற்றி, கைப்பிடியைத் தள்ளியும் இழுத்தும் செய்தால் டிரெட்மில்லுக்கு அருகே வந்துவிடும்.

படியேறும் மெஷின் அந்த மெட்ரோ எஸ்கலேட்டரேதான், கீழ்நோக்கி ஓடுகிறது, அவ்வளவே. படிகள் இறங்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு படி 20 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 40 படி என்றால் 8 மீட்டர். இரண்டு நிமிடத்தில் ஜனக்புரி மேற்கு முடிந்துவிடும். குறைந்த நேரத்தில் இதயத்தை எழுப்ப இதற்கு நிகரில்லை, ஆனால் முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி உள்ளவர்கள் ஒதுங்கிப்போவது நல்லது. கைப்பிடியில் சாய்ந்தால் இங்கேயும் கணக்கு காலி.

ரோயிங் மெஷின் பெரும்பாலும் மூலையில் தூசியோடு கிடக்கும். அதில் துண்டு காயப்போட்டிருப்பார்கள். எனக்கு இது ஆதங்கமான விஷயம். எடையை சீட் சுமக்கிறது, ஆனால் கால், முதுகு, கை என்று உடம்பின் பெரிய தசைகள் அத்தனையும் வேலை செய்வதால் தொடை மட்டும் சோர்ந்துபோகும் சைக்கிளின் குறை இதில் இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் கூனி உட்காருபவரின் முதுகுக்கும் பயிற்சி. சூட்சுமம் வரிசையில் இருக்கிறது: முதலில் கால்களால் தள்ளுவது, பிறகு இடுப்பிலிருந்து சற்றே பின்சாய்வது, கடைசியில் கையை இழுப்பது. திரும்பும்போது கை, இடுப்பு, கால் என்று தலைகீழ் வரிசை. எல்லாரும் கையால் ஆரம்பிக்கிறார்கள், முதுகு பிடித்துக்கொள்கிறது, அதோடு தலைமுழுகிவிடுகிறார்கள். பக்கவாட்டிலுள்ள நெம்புகோலை 10-இல் வைப்பது வீரம் என்று நினைப்பதும் தவறு. அது காற்று நுழையும் வழியைத் திறப்பது மட்டுமே, 3-க்கும் 5-க்கும் நடுவே வைத்தால் போதும். எதிர்ப்பு நீங்கள் இழுக்கும் விசையிலிருந்து வருகிறது. கான்செப்ட்2 என்ற பரவலான ரோயிங் மெஷின், கலோரி கணக்கிடும்போது எல்லாரையும் சுமார் 79 கிலோ எடை உள்ளவர் என்று வைத்துக்கொள்கிறது. 55 கிலோ உள்ள பெண்மணி அந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்து ஜிலேபி பக்கம் போகக் கூடாது.

ஜிம் சந்தா கட்டாதவர்களுக்குத் தில்லிப் பூங்காக்களில் இலவச மெஷின்கள் இருக்கின்றன. காலை நடை முடித்து, இரண்டு கால்களையும் ஊசல் போல ஆட்டும் அந்த நடை மெஷினில் ஏறி நின்று ஊர் விவகாரம் பேசும் கூட்டம் ஜனக்புரியிலும் உண்டு. இடுப்பு மூட்டு இளகுவதற்கு நல்லது. ஆனால் அதில் எதிர்ப்பு என்று ஒன்றும் இல்லை, எடையை மெஷின் தாங்குகிறது, ஆட்டத்தை ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்கிறது. கார்டியோ கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள், அதுவரை நடந்து வந்ததைச் சேருங்கள்.

எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை தெளிவானது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. மிதம் என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கடுமை என்றால் நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு விட வேண்டியிருக்கும். சுவரில் ஒட்டியிருக்கும் இதயத் துடிப்பு அட்டவணை, 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரத்தில் போட்டது. ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேல்கூட மாறும். எழுபதுகளில் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் (டிடிஏ) வீடு வாங்கி ஜனக்புரிக்கு வந்து, இன்று ஓய்வூதியத்தில் இருக்கும் நம்மவர்களில் பலர் ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள். அந்த வகை மாத்திரைகள் துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைக்கும். அவர்கள் அட்டவணையைத் துரத்தினால் ஆபத்து, பேச்சை வைத்து அளப்பதே சரி. நடக்கும்போது நெஞ்சு கனத்தால் மெஷினை விட்டு இறங்கி மருத்துவரிடம் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

வேகமாக நான்கு நிமிடம், மெதுவாக மூன்று நிமிடம் என்று மாற்றி மாற்றிச் செய்ய விரும்புபவர்களுக்கு சைக்கிளும் ரோயிங்கும் வசதி. காலை நிறுத்தினால் மெஷினும் அடங்கிவிடும். டிரெட்மில்லின் மோட்டார் வேகம் பிடிக்கவும் குறையவும் நேரம் எடுக்கும், தடுமாறினால் பெல்ட் காத்திருக்காது. ஜூன் மாதத்து மின்வெட்டில் நடுவழியில் நிற்பதும் அதுதான். சிவப்பு நாடாவிலுள்ள கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள், அது அலங்காரத்துக்குத் தொங்கவில்லை.

என்னைக் கேட்டால், முழங்கால் நன்றாக இருப்பவருக்கு வாரம் மூன்று நாள் ஏற்ற நடை, ஒரு நாள் ரோயிங். முழங்கால் முரண்டு பிடித்தால் கிராஸ் டிரெய்னரும் சைக்கிளும். சர்க்கரை உள்ளவர்கள் எந்த மெஷின் என்று குழம்புவதைவிட, சாப்பிட்ட பிறகு வீட்டுக்கு வெளியே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே உணவுக்குப் பிந்தைய சர்க்கரை இறங்குவதைக் குளுக்கோமீட்டரில் பார்க்கலாம்.

தீபாவளிக்குப் பிறகு தில்லியில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கும் நுரையீரல், மெஷினில் நாற்பது, அறுபது லிட்டர் இழுக்கும். காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டிய நாளில் பூங்காவை விட்டு ஜிம்முக்கு வருவது சரிதான், ஆனால் பிஎம் 2.5 துகள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவதில்லை. பேஸ்மென்ட் ஜிம்மில் ஏசி ஓடுகிறது என்பதற்காகக் காற்று வடிகட்டப்படுகிறது என்று எண்ண வேண்டாம், சாதாரண ஏசியின் வலை அவ்வளவு நுண்ணிய துகளைப் பிடிக்காது. ஹெப்பா வடிகட்டி உள்ள பியூரிஃபயர் இருக்கிறதா, அறையின் அளவுக்கு அது போதுமா, வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று சந்தா கட்டும்போதே கேளுங்கள். 400-க்கு மேல் போகும் நாட்களில் சாய்வையும் வேகத்தையும் குறைத்து, மூக்கால் மட்டும் மூச்சு விட முடிகிற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் அன்றைக்கு வீட்டிலேயே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தசைப் பயிற்சியைச் செய்து முடிக்கலாம். வாரத்துக்கு இரண்டு நாள் அதுவும் பாக்கி இருக்கிறது.