தறி நின்றால் வீடும் போச்சு
முதுமைக்கு ஒரு முகவரி - 6

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். பவானியிலிருந்து தாண்டினால் குமாரபாளையம். இரண்டும் நாமக்கல் மாவட்டத்து ஊர்கள். எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். பட்டறைகளை ஒட்டி, ஒரே கூரையின் கீழ் ஏழெட்டுக் கதவுகள் வரிசையாகத் தெரியும். அதுதான் லைன் வீடு. ஓர் அறை, அதற்குள்ளேயே அடுப்பு. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் எல்லாருக்கும் பொது.

சென்ற வாரம் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுத் தொழிலைப் பார்த்தோம். அங்கே பலருக்கு வீடே பட்டறை. இங்கே பல குடும்பங்களுக்கு வீட்டைத் தருவதே பட்டறைதான். கணவன் தறி ஓட்ட வேண்டும், மனைவி தறிக்கு நூல் தார் சுற்ற வேண்டும் என்பதுதான் அந்தக் கதவுச் சாவிக்கு எழுதப்படாத ஒப்பந்தம்.

வேலையில் சேரும்போது முதலாளி கொடுக்கும் முன்பணத்துக்கு இங்கே 'பாக்கி' என்று பெயர். வேறு பட்டறைக்குப் போக வேண்டுமானால் பாக்கியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். பெரும்பாலும் புது முதலாளிதான் அதைக் கட்டுவார். குமாரபாளையத்தில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் கீர்ட் டி நெவ் 1999-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாக்கியை வெறும் கொத்தடிமை முறையாக மட்டும் அவர் பார்க்கவில்லை. ஆள் தட்டுப்பாடு இருக்கும்போது தொழிலாளியும் அதை வைத்துப் பேரம் பேசுகிறார் என்றும் காட்டினார். சரியான கவனிப்புதான். ஆனால் அந்தப் பேரம் கையிலும் கண்ணிலும் தெம்பு இருக்கும்வரைதான். இழை அறுந்தது கண்ணுக்குத் தெரியாமல் போகும் வயதில் யாரும் பாக்கி தருவதில்லை. தறி கைமாறும்போது அறையும் கைமாறிவிடும், புதிதாக வந்த குடும்பத்துக்கு இடம் வேண்டுமே.

இத்தனை வருட உழைப்புக்குக் கையில் மிஞ்சுவது என்ன? வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக 20 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தும். எட்டுத் தறி, பத்துத் தறிப் பட்டறைகள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அப்படியே வந்திருந்தாலும் அந்த ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்களுக்கு மிச்சம் இருப்பது ஜனங்கள் 'ஓஏபி பணம்' என்று சொல்லும் முதியோர் உதவித்தொகை. 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய இந்தத் திட்டத்தின் தொகை 2011-ல் 1,000 ஆனது, 2023-ல் 1,200 ஆனது. இதில் 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு 200 ரூபாய். 2007-லிருந்து அது ஒரு பைசா ஏறவில்லை.

இந்தத் தொகையை நிர்ணயித்தவர்கள், தலைக்கு மேல் ஒரு கூரை ஏற்கெனவே இருக்கிறது, சோற்றுக்கும் மருந்துக்கும் மட்டும் கொடுத்தால் போதும் என்று நினைத்திருக்க வேண்டும். கிராமத்துக் குடிசையிலோ மகன் வீட்டுத் திண்ணையிலோ இருக்கும் பாட்டிக்கு அது ஓரளவு பொருந்தும். லைன் வீட்டை விட்டு இறங்கிய தம்பதிக்குப் பொருந்தாது. வாடகை கொடுத்த பிறகு 1,200 ரூபாயில் மிச்சம் என்று ஒன்று இருக்கப் போவதில்லை.

பணம் இருந்தாலும் வயதானவர்களுக்கு வீடு கிடைப்பது கஷ்டம். வீட்டுக்காரர் வெளியே சொல்வது ஒன்று, மனதில் இருப்பது ஒன்று. வாடகை வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த ஆள் குடிவர மாட்டான் என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. பிணத்தை வாசலில் கிடத்த விடாமல் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மயானத்துக்குக் கொண்டுபோகச் சொன்ன கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இதில் கிடையாது.

பிள்ளைகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகளிடமிருந்து பெறலாம். நல்ல சட்டம்தான். ஆனால் மகனும் அடுத்த லைன் வீட்டில் பாக்கியோடு இருக்கிறான். கடன் தொல்லையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தையே விற்ற செய்தி 2025 ஜூலையில் வெளியானபோது நாடே அதிர்ந்தது. அந்த வீட்டுப் பெரியவர் எந்த மகன் மீது மனுப் போடுவார்?

வாடகைச் சட்டமும் கைகொடுக்காது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கேட்கிறது. வேலையோடு சேர்த்து நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் குடியிருப்புகளை அது எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. லைன் வீட்டுக்கோ ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

அரசு வீடு கட்டித் தராமல் இல்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். ஆனால் அது கிராமப்புறத்துக் குடிசைகளுக்கானது, சொந்த இடமும் வேண்டும். பள்ளிபாளையமும் குமாரபாளையமும் நகராட்சிகள். வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீடு வாங்கப் பயனாளி தன் பங்கைக் கட்ட வேண்டும். 65 வயதில் யார் கடன் கொடுப்பார்கள்? 2025-ல் தொடங்கிய அன்புச்சோலை மையங்கள் பகல் முழுதும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கின்றன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு இருக்க வேண்டும்.

முதியவர்களுக்குச் சொந்த வீடு என்ற பேச்சை இந்த ஊர்களில் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, வாடகை வீடு என்று பேச வேண்டும் என்பது என் கருத்து. சிங்கப்பூரில் 55 வயது தாண்டியவர்கள் 15 ஆண்டு முதல் 45 ஆண்டு வரையிலான குறுகிய குத்தகைக்குச் சிறிய அரசு வீட்டை வாங்கலாம். அவ்வளவு தூரம் போவானேன்? வேலைக்குப் போகும் பெண்களுக்காக நம் அரசே தோழி விடுதிகளைக் கட்டி நடத்துகிறது. அதேபோல, ஓஏபி தொகையில் கால் பங்கைத் தாண்டாத வாடகைக்கு, தரைத்தளத்தில் ஓர் அறையும் கழிப்பறையும் கொண்ட குடியிருப்புகளை இந்த இரண்டு நகராட்சிகளிலும் முதலில் கட்டிப் பார்க்கலாம்.

அதற்குள் வாசகர்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. விசைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் 60 வயதுக்குள் பதிவு செய்தவர்களுக்குத்தான் வாரிய ஓய்வூதியம். உங்கள் தெருவில் ஐம்பதைத் தாண்டிய தறித் தொழிலாளி இருந்தால் வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்தாயிற்றா என்று கேளுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற கட்டணமில்லா எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

(தொடரும்)