இல்லாத கொம்பு... பொல்லாத வேட்டை!

குட்டீஸ், இமயமலையில் 'எட்டி' என்ற பனிமனிதன் உலவுகிறான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உடம்பெல்லாம் ரோமம், இரண்டு காலில் நடை, பெரிய பெரிய காலடித் தடம்! ஆனால், அவனை இதுவரை யாரும் பிடித்துக் காட்டியதில்லை. சரி, ஒரு கேள்வி. அப்படி ஒரு பனிமனிதன் எதிரே வந்தால் சுடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

சிரிக்காதீர்கள்! இந்தக் கேள்விக்கு அரசாங்கங்களே பதில் எழுதி வைத்திருக்கின்றன.

பனிமனிதனுக்கு மூன்று விதிகள்

1950-களில் எட்டியைத் தேடி வெளிநாட்டுக் குழுக்கள் நேபாளத்துக்கு வரிசையாக வந்தன. நேபாள அரசு அவர்களுக்கு மூன்று விதிகள் போட்டது. 1959-ல் காத்மாண்டுவில் இருந்த அமெரிக்கத் தூதரகம் இந்த விதிகளைத் தன் நாட்டுக்கு எழுதி அனுப்பியது.

முதல் விதி: தேடுவதற்கு 5,000 ரூபாய் கட்டி அனுமதி வாங்க வேண்டும். இரண்டாவது: எட்டியைப் படம் எடுக்கலாம், உயிரோடு பிடிக்கலாம்; ஆனால், உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, சுடவே கூடாது. பிடித்தாலும் படம் எடுத்தாலும் அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மூன்றாவது: எட்டியைப் பார்த்ததாக அரசின் அனுமதி இல்லாமல் செய்தி வெளியிடக் கூடாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 'பிக்ஃபுட்' என்ற பெருங்கால் மனிதனைப் பற்றிப் பேச்சு உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்கமேனியா மாவட்டம் 1969-ல் ஒரு சட்டம் போட்டது. பிக்ஃபுட்டைக் கொன்றால் 10,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை! இல்லாத ஒன்றுக்கு ஏன் சட்டம் என்கிறீர்களா? துப்பாக்கியோடு காட்டில் அலைகிறவர்கள், இருட்டில் மனிதர்களையே பிக்ஃபுட் என்று நினைத்துச் சுட்டுவிட்டால்..? அந்தப் பயம்தான்!

குட்டு உடைந்தது

எட்டியின் எலும்பு, பல், தோல், முடி என்று சேர்த்து வைத்திருந்த 9 மாதிரிகளை விஞ்ஞானிகள் மரபணுச் சோதனை செய்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 8 கரடியுடையவை. மீதி ஒன்று நாயுடையது!

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1972-ல் வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் பட்டியல் போட்டு வேலை செய்கிறது. பட்டியலில் உள்ள விலங்கை வேட்டையாடினால் குற்றம். அதில் எட்டியின் பெயர் இல்லை. ஆனால், கரடியின் பெயர் இருக்கிறது! எட்டி என்று நினைத்துச் சுட்டால், செத்து விழுவது கரடி. கம்பி எண்ணுவது சுட்டவர்!

நம்ம ஊர் கட்டுக்கதை

இமயமலை வரை போவானேன்? நம் பக்கமே 'நரிக்கொம்பு' என்ற கதை இருக்கிறதே! நரிக்கூட்டத்தின் தலைவனுக்கு மட்டும் தலையில் சின்னக் கொம்பு முளைக்குமாம். அதை வைத்திருந்தால் நினைத்தது நடக்குமாம். இலங்கையில் இருந்த எமர்சன் டென்னன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, தமிழர்களும் சிங்களர்களும் இதை நம்புவதாக 1861-லேயே எழுதியிருக்கிறார்.

உண்மை என்ன? நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த எந்த விலங்குக்கும் கொம்பு கிடையாது. நரியும் அந்தக் குடும்பம்தான். இல்லாத கொம்பைத் தேடி, இருக்கிற நரியைக் கொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

சேலம் மாவட்டம் வாழப்பாடி பக்கத்துச் சில கிராமங்களில் இன்னொரு நம்பிக்கை உண்டு. 'நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும்' என்பார்கள். அதற்காகப் பொங்கலை ஒட்டி, வங்கா நரியை வலை வைத்துப் பிடித்து வந்து, காலில் கயிறு கட்டி ஓட விடுவார்கள். இதுதான் 'வங்கா நரி ஜல்லிக்கட்டு'. பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள்.

'கொல்லவில்லையே, விட்டுவிட்டோமே!' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சட்டப்படி, வலை வைப்பதும், பொறி வைப்பதும், விரட்டிப் பிடிப்பதும், ஏன்... பிடிக்க முயற்சி செய்வதும்கூட வேட்டைதான்! அதனால் வனத்துறை இதைத் தடை செய்து, பிடித்தவர்களுக்கு அபராதமும் விதித்திருக்கிறது.

நரி நம் தோழன்

வாலின் நுனி கறுப்பாக, பூனையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் இந்தக் குள்ளநரி, இந்தியாவிலும் அதை ஒட்டிய நாடுகளிலும் மட்டுமே வாழ்கிறது. கரடும் புதரும் புல்வெளியும்தான் அதன் வீடு. வளை தோண்டிக் குட்டி போடும். எலியையும் பூச்சியையும் தின்று விவசாயிக்கு உதவும். இலந்தைப் பழம் என்றால் அதற்கும் கொள்ளை ஆசை!

திருவிழாவிலோ சந்தையிலோ யாராவது 'நரிக்கொம்பு' விற்றால் வாங்காதீர்கள். வீட்டில் பெரியவர்களையும் வாங்க விடாதீர்கள். அது உண்மையான நரியின் உடலில் இருந்து எடுத்தது என்றால், விற்பது வனக்குற்றம். போலி என்றால், அது ஏமாற்று வேலை. எப்படிப் பார்த்தாலும் தப்புத்தான்! பெரியவர்கள் மூலம் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

நரி முகத்தில் விழிக்க ஆசையா? அதிகாலையில் கரட்டுப் பக்கம் அப்பாவோடு போய், தூரத்தில் சத்தம் போடாமல் நின்று பாருங்கள். அது தன் பாட்டுக்கு ஓடும் அழகைப் பார்ப்பதே அதிர்ஷ்டம்தானே!