மலையைத் தாங்கும் சுருள்வில்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென்விளிம்பில் 'டிரெய்லர் வில்லேஜ்' என்றொரு முகாம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் ஆர்.வி. என்னும் வீட்டு வண்டிகள் வந்து தங்குமிடம் அது. வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் மின்சார இணைப்பு உண்டு, கழிவுநீர் இணைப்பு உண்டு, தரையிலிருந்து எழும் தண்ணீர்க் குழாயும் உண்டு. ஒரு ஹோஸை எடுத்து ஒரு முனையை அந்தக் குழாயிலும் மறுமுனையை வண்டியிலும் திருகிவிட்டால் போதும், சக்கரத்தில் ஓடிவந்த வீட்டுக்குள் ஊர்த் தண்ணீர் வரும்.

அந்தத் தண்ணீர் அங்கே வந்துசேரும் வழி வியப்பானது. பள்ளத்தாக்கின் வடபக்கச் சரிவில் ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்று பாறையைப் பிளந்துகொண்டு கொட்டுகிறது. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு, 1960-களில் போடத் தொடங்கிய அலுமினியக் குழாய் ஒன்று பள்ளத்தாக்கின் அடிவரை இறங்குகிறது. தொங்குபாலம் ஒன்றின் அடியில் ஒட்டிக்கொண்டு கொலராடோ ஆற்றைக் கடக்கிறது. பிறகு ஆற்றைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலுள்ள ஹவாசுபை கார்டன்ஸ் வரை பம்பு எதுவும் இல்லாமல், ஊற்றின் உயரம் தரும் தள்ளுதலிலேயே ஏறுகிறது. அங்கே உள்ள பம்புகள் அதை இன்னும் 900 மீட்டருக்கு மேல் தூக்கித் தென்விளிம்பின் தொட்டிகளில் சேர்க்கின்றன. 2010-க்குப் பிறகு மட்டும் இந்தக் குழாய் 85 தடவைக்கு மேல் பெரிதாக உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் அடுத்தடுத்து உடைந்தபோது, தென்விளிம்பில் இரவு தங்குவதையே தற்காலிகமாக நிறுத்தவேண்டி வந்தது.

குழாய் உடைவதற்கு அதன் வயதும் பாறைச் சரிவுகளும் காரணங்கள். ஆனால் அதற்குள் அடைபட்டிருக்கும் அழுத்தத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அது இத்தனை ஆண்டுகள் நின்றதே ஆச்சரியம் என்று தோன்றும்.

கணக்கு எளிது. 10 மீட்டர் உயரத் தண்ணீர், தன் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஒரு கிலோ எடையை வைக்கிறது. அமெரிக்கர்கள் பயன்படுத்தும் அளவில் இது சுமார் 14 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு. ஆற்றங்கரையிலிருந்து 400 மீட்டர் ஏறவேண்டிய தண்ணீருக்கு அடியில் குறைந்தது 40 கிலோ அழுத்தம் வேண்டும். அதாவது 570 பி.எஸ்.ஐ. ஹவாசுபை கார்டன்ஸிலிருந்து விளிம்புக்குத் தூக்கும் பம்புகள் 90 கிலோவுக்கு மேல் கொடுத்தாக வேண்டும்.

இந்தக் கணக்கில் குழாயின் பருமன் எங்கேயும் வரவில்லை, தண்ணீரின் அளவும் வரவில்லை. உயரம் மட்டுமே வருகிறது. ஏரி அகலத் தண்ணீரானாலும் விரல் பருமன் குழாயில் நிற்கும் தண்ணீரானாலும் ஒரே உயரத்துக்கு ஒரே அழுத்தம்தான். 1586-இல் சைமன் ஸ்டெவின் இதை எழுதி வைத்தார். அடுத்த நூற்றாண்டில் பிளேய்ஸ் பாஸ்கல் இதை முழுமையான விதியாக்கினார். அவர் பெயரில்தான் இன்று உலகம் அழுத்தத்தை அளக்கிறது.

மேலே தொட்டியில் விழுந்ததும் அந்த 90 கிலோ அழுத்தமும் மறைந்துவிடும். திறந்த தொட்டியின் மேற்பரப்பில் நிற்கும் தண்ணீருக்கு, அது எவ்வளவு பாடுபட்டு வந்திருந்தாலும், தன் அழுத்தம் என்று ஒன்றும் கிடையாது. அங்கிருந்து கீழே இறங்க இறங்கத்தான் புதிதாக அழுத்தம் சேர்கிறது. ஒரு முகாமின் குழாயில் என்ன அழுத்தம் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது: தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே எத்தனை மீட்டர்?

மலைப்பாங்கான முகாம்களில் சிக்கல் இங்கேதான் எழுகிறது. தொட்டியைக் குன்றின் உச்சியில் வைப்பார்கள். வண்டிகள் சரிவெங்கும் நிற்கும். தொட்டிக்கு 20 மீட்டர் கீழே நிற்கும் வண்டிக்கு 28 பி.எஸ்.ஐ. கிடைக்கும், குளிக்கச் சற்றுக் குறைவு. அதே தொட்டிக்கு 70 மீட்டர் கீழே, ஓடையோரமாக நிற்கும் வண்டிக்கு 100 பி.எஸ்.ஐ. வரும். மேலே இருப்பவர் குறைப்படாமல் இருக்க முகாம்காரர் அழுத்தத்தைக் கூட்டினால், கீழே இருப்பவருக்கு அது இன்னும் ஏறும். நேரத்துக்கு நேரமும் மாறும். காலையில் எல்லாரும் ஒரே சமயத்தில் குழாயைத் திறக்கும்போது, ஓடும் தண்ணீர் குழாய்ச் சுவரோடு உரசுவதிலேயே அழுத்தத்தின் ஒரு பகுதி கரைந்துபோகும். நள்ளிரவில் எல்லாக் குழாய்களும் மூடியபின் உரசல் இல்லை. உயரம் தரும் முழு அழுத்தமும் அப்போது கடைசிக் குழாயில் வந்து நிற்கும். மாலையில் ஒழுங்காக இருந்த இணைப்பு விடியற்காலையில் ஒழுகத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம்.

வண்டிக்குள் நிலைமை என்ன? ஆர்.வி.யில் சொந்தமாக ஒரு தண்ணீர்த் தொட்டியும் 12 வோல்ட் பம்பும் இருக்கும். அந்தப் பம்பு பொதுவாக 45 முதல் 55 பி.எஸ்.ஐ.யில் தானாக நின்றுவிடும். வண்டியின் குழாய்களும் இணைப்புகளும் நாள்தோறும் பழகும் அழுத்தம் அதுதான். இன்று பெரும்பாலான வண்டிகளில் பெக்ஸ் என்னும் நெகிழும் பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது. 23 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 160 பி.எஸ்.ஐ.யும், 82 டிகிரி வெந்நீரில் 100 பி.எஸ்.ஐ.யும் அது தாங்கும் என்பது அதன் தர அளவு. எனவே முதலில் விட்டுக்கொடுப்பது குழாய் இல்லை. பிளாஸ்டிக் முழங்கை இணைப்புகள், கழிவறை வால்வு, ஃபில்டரின் கூடு, குழாயடியில் இருக்கும் நெளி ஹோஸ் ஆகியவைதான் முதலில் போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கி வந்த வண்டியில் இந்த இணைப்புகள் ஏற்கெனவே கொஞ்சம் தளர்ந்திருக்கும். அசையாமல் நிற்கும் வீடுகளுக்கே 80 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் வந்தால் குறைப்பு வால்வு பொருத்தவேண்டும் என்று அமெரிக்கக் கட்டட விதிகள் சொல்கின்றன.

சேதத்தின் அளவும் இரண்டு வழிகளில் இரண்டு விதம். வண்டியின் சொந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கும்போது இணைப்பு ஒன்று விட்டுப்போனால், தொட்டியில் உள்ள ஒன்றிரண்டு நூறு லிட்டரோடு கசிவு முடிந்துவிடும். முகாமின் குழாயோடு இணைந்திருக்கும்போது விட்டுப்போனால் அதற்கு எல்லையே இல்லை. நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்தால்கூட, மூன்று மணிநேரம் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் 3,600 லிட்டர் வண்டிக்குள் ஓடியிருக்கும். ஒட்டுப்பலகைத் தளமும் மெல்லிய சுவர்களும் அதை உறிஞ்சி உப்பிப்போகும்.

இதைத் தடுக்க ஆர்.வி. பயணிகள் முகாமின் குழாயில் மாட்டுவது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைத் துண்டு. வாட்டர் பிரஷர் ரெகுலேட்டர் என்பார்கள். நம் வீட்டு கேஸ் சிலிண்டரின் தலையில் உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். அது சிலிண்டருக்குள் இருக்கும் பல கிலோ அழுத்தத்தை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 30 கிராம் என்ற அளவுக்குக் குறைத்து அடுப்புக்கு அனுப்புகிறது. இது மலைத் தண்ணீரை 50 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து வண்டிக்கு அனுப்புகிறது. இரண்டிலும் மின்சாரம் இல்லை, கணினி இல்லை.

நல்ல ரெகுலேட்டர் ஒன்றின் உள்ளே ஒரு சிற்றறை இருக்கும். அதன் ஒரு சுவர் ரப்பர்ச் சவ்வு. சவ்வின் வெளிப்புறத்தை ஒரு சுருள்வில் அழுத்திக்கொண்டிருக்கும். உள்புறத்திலிருந்து ஒரு தண்டு இறங்கி, தண்ணீர் நுழையும் சிறு வாயை மூடித் திறக்கும் வால்வைப் பிடித்திருக்கும். வில் அழுத்தினால் வால்வு திறக்கும். அறைக்குள் வந்த தண்ணீர் சவ்வை எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் வால்வு மூடும். சவ்வின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 பி.எஸ்.ஐ. என்பது மூன்றரைக் கிலோ அழுத்தம். அப்படியானால் சவ்வின் மேல் விழும் மொத்த விசை 35 கிலோ. வில்லையும் 35 கிலோவுக்கு இறுக்கி வைத்துவிட்டால், அறைக்குள் 50 பி.எஸ்.ஐ. சேர்ந்ததும் இரண்டும் சமமாகி வால்வு மூடிக்கொள்ளும். வண்டிக்குள் யாரோ குழாயைத் திறந்ததும் அறையின் அழுத்தம் சரியும், வில் வெல்லும், வால்வு திறக்கும். எவ்வளவு தண்ணீர் போகிறதோ அவ்வளவு மட்டும் உள்ளே வரும்.

இந்தச் சாதனம் மலையின் பக்கம் பார்ப்பதே இல்லை என்பதுதான் இதிலுள்ள நுட்பம். வருகிற அழுத்தம் எவ்வளவு என்று அது அளப்பதில்லை. தான் வெளியே அனுப்பியது எவ்வளவு என்பதை மட்டும் சவ்வால் தொட்டுப் பார்த்து, அதைக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிறது. சவ்வு பெரிது, வால்வின் வாய் சிறிது என்பதால், வரும் பக்கத்தில் அழுத்தம் 80-லிருந்து 120-க்குத் தாவினாலும் வெளியே வருவது கொஞ்சம்தான் மாறும். தன் விளைவைத் தானே கவனித்துத் திருந்தும் இயந்திரங்களைப் பற்றி 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணித முறையில் ஆராய்ந்து எழுதினார். விமானத்தின் தானியங்கி ஓட்டுமுறை வரை பின்னால் வந்த எத்தனையோ கருவிகளுக்கு அடிப்படையான அந்தக் கருத்தின் மிக எளிய வடிவம் இந்தப் பித்தளைத் துண்டு.

ரெகுலேட்டரில் இரண்டு வகை உண்டு. விலை குறைந்த நேர்க்குழாய் வகையில் வில்லின் இறுக்கம் தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டிருக்கும். பொதுவாக 40 முதல் 50 பி.எஸ்.ஐ. அதன் உள்வழி குறுகல் என்பதால் அழுத்தத்தோடு ஓட்டத்தின் அளவும் குறைந்துவிடும், குளிக்கும்போது ஷவர் மெலிந்து விழும். இன்னொரு வகையில் அழுத்தம் காட்டும் முள்ளும், வில்லைக் கூட்டிக் குறைக்கும் திருகும் இருக்கும். உள்வழியும் அகலம். அழுத்தம் கட்டுக்குள் நிற்க, தண்ணீரும் தாராளமாக வரும். எதை வாங்கினாலும் குடிநீருக்கான ஈயமில்லாப் பித்தளை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 2014 முதல் அமெரிக்காவில், குடிநீர் படும் பித்தளைப் பரப்பில் ஈயம் சராசரியாக 0.25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

மாட்டும் இடமும் முக்கியம். முகாமின் குழாயில் முதலில் ரெகுலேட்டர், அதன் பிறகே ஹோஸ். வண்டியின் பக்கம் மாட்டினால் வண்டி தப்பிக்கும், ஆனால் இடையில் கிடக்கும் ஹோஸ் முழு அழுத்தத்தையும் வாங்கி வெடிக்கலாம்.

ரெகுலேட்டரால் தடுக்க முடியாதவையும் உண்டு. ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறி, குழாய்க்குள் சம்மட்டி அடிபோல் பாயும். 1897-98-இல் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் சோதனை நடத்தி நிக்கோலாய் ஷுக்கோவ்ஸ்கி இதற்குச் சூத்திரம் கண்டார். எஃகுக் குழாயில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை நொடிப்பொழுதில் நிறுத்தினால், அழுத்தம் 13 கிலோ அளவுக்குக்கூட எகிறும். நெகிழும் பெக்ஸ் குழாயில் இது வெகுவாகக் குறைந்தாலும், அந்த அடி பிறப்பது ரெகுலேட்டருக்கு அப்பால், வண்டிக்குள்ளேயே.

வெயில் அடுத்த எதிரி. மூடிய, விரியாத கலத்தில் அடைபட்ட 20 டிகிரித் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்கினால் அழுத்தம் நாலரைக் கிலோ, அதாவது 65 பி.எஸ்.ஐ. ஏறும். ஹோஸும் பெக்ஸும் விரிந்துகொடுப்பதால் நிஜத்தில் இவ்வளவு ஏறுவதில்லை. ஆனால் வெந்நீர்க் கலத்தில் இந்த விரிவை வெளியேற்றவே 150 பி.எஸ்.ஐ.யில் திறக்கும் பாதுகாப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். அதை ஒருபோதும் அடைக்கக்கூடாது. குளிர் இன்னொரு எதிரி. உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருத்து ரெகுலேட்டரின் உடலையே பிளக்கும். உறைபனி விழும் இரவில் அதைக் கழற்றி, தண்ணீரை வடித்து உள்ளே எடுத்துவைப்பதே வழி.

அமெரிக்காவிலோ கனடாவிலோ விடுமுறைக்கு ஆர்.வி. வாடகைக்கு எடுக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போதே ரெகுலேட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வழியில் ஒன்று வாங்குங்கள், முள் உள்ளதாக இருந்தால் நல்லது. எந்த முகாமானாலும் ஹோஸுக்கு முன்னால் அதை மாட்டுங்கள். வண்டியைப் பூட்டிவிட்டு வெளியே கிளம்பும்போது, ரெகுலேட்டர் இருந்தாலும்கூட, முகாமின் குழாயை மூடிவிட்டுப் போங்கள்.