நடுக்கவாதம்: கேட்க மறந்த கேள்வி

1982-ல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென உடல் விறைத்து, பேச்சற்றுப் போனார்கள். பார்த்தால் முதுமையில் வரும் நடுக்கவாதத்தின், அதாவது பார்க்கின்சன் நோயின், முற்றிய நிலை. எல்லாரும் போலி ஹெராயின் ஏற்றிக்கொண்டவர்கள் என்பதை நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் கண்டறிந்தார். தயாரிப்பில் நேர்ந்த பிசகால் அதில் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் உருவாகியிருந்தது. அது மூளைக்குள் உருமாறி, டோபமைன் சுரக்கும் செல்களில் புகுந்து, அவற்றுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கியது.

உருமாறிய அந்தப் பொருளின் மூலக்கூறு, பாராகுவாட் களைக்கொல்லியின் மூலக்கூறைப் பெரிதும் ஒத்திருந்தது. சந்தேகம் வயல் பக்கம் திரும்பியது அப்போதுதான். பாராகுவாட் அல்லது ரோட்டினோன் பூச்சிக்கொல்லி அடித்தவர்களுக்கு நோய் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்றது 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு.

அப்படியானால் மருந்து அடித்த எல்லாருக்கும் ஏன் வருவதில்லை? நஞ்சை முறிக்கும் திறன் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். வயதும் சேர்ந்துகொள்ளும். கை நடுங்கத் தொடங்கும்போது டோபமைன் செல்களில் கணிசமான பகுதி அழிந்திருக்கும். காரணமான பொருளைத் தொட்டு இருபது, முப்பது வருடங்கள்கூட ஆகியிருக்கலாம். பழியிலிருந்து நிறுவனங்கள் நழுவுவதற்கு இந்த இடைவெளி போதும்.

வட கரோலினாவின் கேம்ப் லெஜுன் படைத்தளத்தில் தொடர்பை அப்படி எளிதில் தள்ளிவிட முடியவில்லை. இயந்திரங்களின் பிசுக்கு நீக்கவும் உலர்சலவைக்கும் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் உள்ளிட்ட கரைப்பான்கள் 1953 முதல் 1987 வரை அங்கே குடிநீரில் கலந்திருந்தன. அங்கிருந்த வீரர்களையும் கலிபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டன் வீரர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வந்தது. வேலையும் வாழ்க்கையும் ஏறக்குறைய ஒன்று, தண்ணீர்தான் வேறு. லெஜுன் வீரர்களுக்குப் பார்க்கின்சன் ஆபத்து 70 சதவீதம் அதிகம். இதுவும் தொடர்பைத்தான் காட்டுகிறது, தனி ஒருவரின் நோய்க்குக் காரணத்தை அல்ல. ஆனால் அந்த முழு நிரூபணத்துக்காகக் காத்திருப்பது மனிதர்களை வைத்துச் சோதனை நடத்துவதற்குச் சமம் என்பேன்.

வயலுக்குத் திரும்பினால், ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் பாராகுவாட்டை விலக்கியது. பெரும்பாலும் தற்கொலைகளைத் தடுக்கவே இலங்கையும் அதைத் தடை செய்தது. கேரளமும் தடை விதித்தது.

நடுக்கத்தோடு மருத்துவரிடம் போகிறவர்கள், முன்பு பார்த்த வேலையையும் அடித்த மருந்தின் பெயரையும் குடித்த தண்ணீரையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.