முற்றுகையிடப்பட்ட காவல் நிலையம்: கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது?

லோகேஷ் கனகராஜ் இயக்கி, 2019 அக்டோபர் 25 அன்று தீபாவளி வெளியீடாக வந்த ‘கைதி’, 2023 மார்ச் 30 அன்று ‘போலா’ என்னும் பெயரில் இந்தியில் மறுஆக்கமாக வெளிவந்தது. அஜய் தேவ்கன் நடித்து, தாமே இயக்கிய படம் அது. அன்று தொடங்கிய ஒப்பீட்டு விவாதம் இன்றும் ஓயவில்லை. மூலத்தில் இருந்த மௌனம் போய்விட்டது, மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன, தந்தை மகள் உறவு மனத்தில் ஒட்டவில்லை என்பது தமிழ்ப் பார்வையாளர் பலரின் குறை. பாடலே இல்லாத படத்தில் பாடலைச் செருகியதையும், நாயகன் சில வரிகளில் சொல்லி முடித்த கடந்த காலத்தைக் காட்சியாகக் காட்டியதையும் அவர்கள் மன்னிக்கவில்லை. இந்திப் பார்வையாளரில் ஒரு சாரார் சண்டைக் காட்சிகளின் பிரம்மாண்டத்தையும், காவல் அதிகாரியாக வந்த தபுவையும் கொண்டாடினர். மொழிமாற்றுப் பதிப்பை முன்பே பார்த்துவிட்டவர்களோ, இந்த மறுஆக்கம் எதற்கு என்றே கேட்டனர்.

இக்கருத்துகள் பெரும்பாலும் நியாயமானவை. ஆயினும் இரு தரப்பாரும் ஒரு கேள்வியைத் தொடவே இல்லை. முற்றுகையிடப்பட்ட கட்டடத்தின் எந்தப் பக்கத்தில் கேமரா நிற்கிறது என்பதே அக்கேள்வி. சாந்தோம் கடற்கரையை ஒட்டி வடக்கே நீளும் மீனவர் குப்பங்களிலும் தலித் குடியிருப்புகளிலும் வாழும் பார்வையாளருக்கு இது வெறும் திரைப்பட இலக்கணக் கேள்வி அன்று. அதன் காரணத்துக்குப் பின்னர் வருவோம்.

முதலில் இவ்வகைப் படத்தின் வம்சாவளி. ஹோவர்ட் ஹாக்ஸின் ‘ரியோ பிராவோ’ (1959) என்னும் மேற்கத்தியப் படத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஜான் கார்பென்டர் 1976ஆம் ஆண்டில் ‘அசால்ட் ஆன் பிரிசிங்ட் 13’ படத்தை எடுத்தார். லாஸ் ஏஞ்சலஸின் ஏழைப் பகுதி ஒன்றில் மூடப்படவிருக்கும் காவல் நிலையம்; உள்ளே ஒரு கறுப்பின அதிகாரி, ஓரிரு ஊழியர்கள், வழியில் நிறுத்தப்பட்ட கைதிகள்; வெளியே ஒரு தெருக் கும்பல். சட்டமும் குற்றவாளியும் தோளோடு தோள் நின்று கட்டடத்தைக் காக்கிறார்கள். ‘கைதி’யின் இரண்டாம் பாதிக்கும் இதே எலும்புக்கூடுதான்.

கார்பென்டரின் படத்தில் பலரும் மறந்துவிடும் ஒரு காட்சி உண்டு. படம் தொடங்குவதே, அக்கும்பலைச் சேர்ந்த ஆறு பேரைப் போலீசார் பதுங்கியிருந்து சுட்டுக் கொல்வதில்தான். முற்றுகைக்கான காரணம் முதல் சில நிமிடங்களிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அதன்பின் படம் அதை மறந்துவிடுகிறது; பார்வையாளரும் மறக்கிறார். வெளியே நிற்பவர்கள் ஏறக்குறைய வாய் திறப்பதே இல்லை. முகமற்ற நிழல்களாக வந்து, குண்டடிபட்டு விழுகிறார்கள். அவர்களுக்காக யாரும் அழுவதில்லை.

2005ஆம் ஆண்டில் இப்படத்தை டெட்ராய்ட் நகரத்துக்கு மாற்றி மறுஆக்கம் செய்த ழான் பிரான்சுவா ரிஷே, கதையின் அச்சாணியையே பிடுங்கி வேறிடத்தில் பொருத்தினார். அவரது படத்தில் காவல் நிலையத்தை முற்றுகையிடுவது தெருக் கும்பல் அன்று. ஊழல் செய்த போலீசாரே. தங்கள் குற்றத்தை அறிந்த கைதியை உயிரோடு விடக்கூடாது என்பதற்காக, தங்கள் சகாக்கள் இருக்கும் நிலையத்தையே அவர்கள் தாக்குகிறார்கள். மூலப்படத்தின் ரசிகர்கள் பலர் இதை விரும்பவில்லை. வெளியே இருப்பவர்களுக்கு முகமும் நோக்கமும் வந்ததும் பயம் போய்விட்டது என்றனர். நம் பார்வையில், அந்தக் குறையே அம்மறுஆக்கத்தின் பெறுமதி. முகமற்ற கூட்டத்தின்மீது நமக்குள்ள பயம் எத்தகைய வசதியான பயம் என்பதை அது காட்டிக்கொடுத்தது. படமாக அது சுமாரானதுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

இந்த அளவுகோலை வைத்து ‘கைதி’யைப் பார்த்தால், அதன் சிறப்பு எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும். திருச்சி ஆணையர் அலுவலகத்தைக் காப்பது உயரதிகாரிகள் அல்லர்; அவர்கள் விருந்தில் மயங்கிக் கிடக்கிறார்கள். மாற்றலாகி அன்றுதான் பணியில் சேர வந்த காவலர் நெப்போலியனும், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடித்து வைக்கப்பட்ட கல்லூரி மாணவர்களும் காக்கிறார்கள். ஜார்ஜ் மரியான் நடித்த அந்தக் கடைநிலைக் காவலரே படத்தின் உயிர். துறைக்குள்ளேயே துரோகி இருப்பதையும் படம் மறைக்கவில்லை. ஆனால் வெளியே நிற்கும் கூட்டம் இங்கும் வெறும் கூட்டம்தான். பரட்டைத் தலையும் கறுத்த உடலும் கையில் கத்தியுமாக அது அலை அலையாக வருகிறது. இறுதியில் சுழல் துப்பாக்கி அதனை மொத்தமாக வாரிக் கொட்டுகிறது. திரையரங்கம் விசிலடித்தது. நம்மவர்களும் அடித்தார்கள்.

‘போலா’ தன்முன் இருந்த இரு வழிகளில் ரிஷேயின் வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கதையை உத்தரப் பிரதேசத்துக்கு மாற்றியது. கைதியைச் சிவபெருமானின் சாயலுக்கு உயர்த்தியது. அவர் கையில் திரிசூலத்தைக் கொடுத்தது. ‘கைதி’யின் டில்லி நெற்றியில் திருநீறு பூசியிருந்தாலும், பசித்த மனிதனாகப் பிரியாணியை அள்ளி உண்டவர். ‘போலா’வில் உள்ளே இருப்பவர் தெய்வமாகிறார், ஆகவே வெளியே இருப்பவர்கள் அசுரர்களாகியே தீர வேண்டும். அசுரர்களுக்கு விசாரணை கிடையாது, வதம் மட்டுமே உண்டு. இந்தப் புராண வாய்பாடு யார்மீது பிரயோகிக்கப்பட்டு வந்தது என்பதை நம் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுஆக்கம் தோற்றது பறக்கும் வண்டிகளால் மட்டும் அன்று.

‘போலா’ வெளியான அதே 2023 மார்ச் 30 அன்று, கன்னட ‘மஃப்டி’யின் தமிழ் மறுஆக்கமான ‘பத்து தல’யும் வெளியானது. அன்று காலை சென்னை கோயம்பேட்டில் உள்ள ரோகிணி திரையரங்கில், கையில் நுழைவுச்சீட்டு வைத்திருந்தும் நரிக்குறவர் குடும்பத்தினர் வாசலில் தடுக்கப்பட்டனர். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது. பிற பார்வையாளர்கள் கேள்வி கேட்ட பின்னரே அவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டனர். படத்துக்கு ‘யு/ஏ’ சான்றிதழ், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அனுமதிக்க இயலாது என்று நிர்வாகம் விளக்கம் அளித்தது. அச்சான்றிதழ் பெற்றோரின் வழிகாட்டுதலைத்தான் கோருகிறது; பெற்றோரோடு வந்த குழந்தையை விலக்கச் சொல்லவில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் நரிக்குறவர் சமூகம் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. எனவே ஊழியர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. பொதுக் கேளிக்கை இடங்களில் நுழைவதைத் தடுப்பதை அச்சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவு குற்றமாக்குகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவும் இவ்விடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ‘ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள்’ என்று மைக்கை நீட்டுபவர்கள், ரசிகராக உள்ளே நுழையவே போராடியவர்களின் கருத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

மறுநாள் மார்ச் 31 அன்று வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதற்பாகம் வந்தது. அங்கே முற்றுகையிடுபவர்கள் போலீசார். முற்றுகைக்குள் இருப்பவை மலைக்கிராமங்கள். ஒரே வார இறுதியில் சென்னைத் திரையரங்குகளில் கேமரா இரண்டு பக்கங்களிலும் நின்றது. அதை ஒப்பிட்டு எழுதியவர்கள் சிலரே.

இப்போது சாந்தோமுக்கு வருவோம். சாந்தோம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே காமராசர் சாலையில் சிறிது தூரம் சென்றால், ஐஸ் ஹவுஸ் காவல் நிலையமும் நடுக்குப்பமும் அருகருகே இருக்கின்றன. 2017 ஜனவரி 23 அன்று, மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியிருந்த இளைஞர்களைப் போலீசார் பலவந்தமாக அகற்றினர். அன்று ஐஸ் ஹவுஸ் காவல் நிலையம் தீக்கிரையானது. செய்தித் தொலைக்காட்சிகளில் அது நேரடி முற்றுகைப் படமாகவே ஓடியது: எரியும் நிலையம், கல்லெறியும் கூட்டம், ‘சமூக விரோதிகள்’ என்னும் அடைமொழி. ஆனால் நடுக்குப்பத்து மாடிகளிலிருந்தும் சன்னல்களிலிருந்தும் கைபேசிகள் வேறொரு படத்தைப் பிடித்தன. சீருடையில் இருந்தவர்கள் வாகனங்களை நொறுக்குவதும் தீ வைப்பதும் அவற்றில் பதிவாயின. நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்து சாம்பலானது. போராட்டக்காரர்களுக்குத் தண்ணீரும் அடைக்கலமும் கொடுத்ததற்கே இந்தத் தண்டனை என்று குப்பத்துப் பெண்கள் கூறினர். அடுத்திருந்த தலித் குடியிருப்புகளும் தடியடிக்குத் தப்பவில்லை. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ராஜேஸ்வரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

கைபேசிகள் இல்லாதிருந்தால், அந்நாளின் கதை ‘கைதி’யின் கதையாகவே எஞ்சியிருக்கும்: உள்ளே காவலர்கள், வெளியே முகமற்ற கூட்டம்.

கட்டடத்தின் உட்புறத்தைப் பற்றியும் இப்பகுதி மக்கள் அறிவார்கள். மெரினாவில் குதிரைச் சவாரி நடத்திப் பிழைத்த தலித் இளைஞர் ஒருவர், 2022 ஏப்ரலில் தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, மறுநாளே இறந்தார். வாந்தியும் வலிப்பும் வந்ததாக முதலில் சொல்லப்பட்டது. உடற்கூறாய்வு அவர் உடலில் 13 காயங்களைக் காட்டியது. வழக்கு கொலை வழக்காக மாறியது. குற்றப்பிரிவு சிஐடி போலீசார் ஆறு காவலர்களைக் கைது செய்தனர். அந்த இரவைத் திரைக்கதையாக்கினால், நிலையத்துக்கு உள்ளே இருப்பவருக்கு உதவ எந்த லாரியும் விரைந்து வராது.

இந்த இடத்தில் கேமரா என்பது உவமை அன்று. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் வணிகர்களான தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்தபோது, ஆய்வுக்குச் சென்ற நீதித்துறை நடுவர், கண்காணிப்புப் பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். சேமிக்க வன்தட்டில் இடம் இருந்தும் அந்த அமைப்பு. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவான ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாயில், லாக்கப், நடைக்கூடம், வரவேற்பறை, ஆய்வாளர் அறை என எல்லா இடங்களிலும் ஒலியோடு பதிவுசெய்யும், இரவிலும் காணக்கூடிய கேமராக்கள் இருக்க வேண்டும். பதிவுகள் 18 மாதங்கள் பாதுகாக்கப்பட வேண்டும். அவ்வளவு சேமிக்கும் கருவி கிடைக்காத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. இவ்வளாகம் கண்காணிப்பில் உள்ளது, உரிமை மீறப்பட்டால் மனித உரிமை ஆணையத்திடமோ மனித உரிமை நீதிமன்றத்திடமோ புகார் செய்யலாம் என்னும் அறிவிப்பு, வட்டார மொழியிலும் பெரிய எழுத்தில் வாயிலிலும் உள்ளேயும் ஒட்டப்பட வேண்டும். காவலில் தாக்கப்பட்டவர் புகார் அளித்தால், அந்த ஆணையமோ நீதிமன்றமோ பதிவைத் தருவித்துப் பார்க்கலாம். சாந்தோம், மயிலாப்பூர், ஐஸ் ஹவுஸ் பகுதி வாசகர்கள் தத்தம் காவல் நிலைய வாயிலில் அந்தத் தமிழ் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்து எமக்கு எழுதலாம்.